சக்கரத்தின் கதை – 17: எடையில்லாத மணல் மூட்டை

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தன்று எல்லோர் கண்ணும் வடத்தின் மேல்தான் இருக்கும். பிரெஞ்சு கவர்னர்கள் வந்து வடம் பிடித்த வழக்கம் இன்றும் மாறவில்லை. துணைநிலை ஆளுநரும் முதல்வரும் வருவார்கள், மறுநாள் பேப்பரில் படம் வரும். எனக்குச் சிறு வயதிலிருந்தே கண் போவது கீழே, சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே நகரும் முட்டுக்கட்டைக்காரர்கள் மேல். இழுக்க ஆயிரம் கை உண்டு. திருப்ப அந்தச் சில பேர்தான். எந்தச் சக்கரத்துக்கடியில், எந்தச் சாய்வில், எந்த நொடியில் கட்டையைச் செருகுவது என்பது அவர்கள் கணக்கு. நேர் வீதியில் தேர் போவதில் வித்தை ஒன்றுமில்லை. முனையில்தான் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

போன பகுதியைச் சோழவரத்தில் நிறுத்தியிருந்தேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத் தளம். பிறகு, 1953இல் பிறந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் கைங்கரியத்தில், கார் பந்தயக் களம். அங்கேயும் தேர் கதைதான். நேர்க்கோட்டில் பெரிய எஞ்சின்காரர் முந்துவார். முனை வந்ததும் டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்புத்தான் பேசும். அதைப் படித்துவிட்டுப் பாகூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: ரேஸ் கார் முதுகில் பந்தல் போட்ட மாதிரி ஒரு பலகை நிற்கிறதே, அழகுக்கா?

அந்தப் பலகையின் கதைக்கு அமெரிக்காவின் டெக்சாஸ் வரை போக வேண்டும். ஆனால் பாடத்தின் முதல் பக்கம் பாகூரிலேயே கிடக்கிறது.

2011 டிசம்பர் 30 காலை. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. இரண்டு நாள் கழித்துப் பாகூர்ப் பக்கம் போனபோது, ஒரு கொட்டகையின் தகரக் கூரை ஆணியும் சட்டமுமாக முழுசாக, இரண்டு வயல் தள்ளிக் கரும்புக்குள் கிடந்தது. கொட்டகையின் சுவரோ அப்படியே நின்றது. காற்று தள்ளித்தான் கூரை போனதென்றால் சுவரல்லவா முதலில் சாய்ந்திருக்க வேண்டும்? கூரையைக் காற்று தூக்கியிருக்கிறது. சரிவில் ஏறி விரையும் காற்று மேற்பக்கத்து அழுத்தத்தைக் குறைத்துவிடும். கொட்டகைக்குள் அடைபட்ட காற்று பழைய அழுத்தத்தோடு கீழிருந்து முட்டும். கூரை எழுந்துவிடும். விமானம் எழும்புவதும் இந்தக் கணக்கில்தான். காரணம் தெரியாவிட்டாலும் மருந்து நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்: புயல் என்று ரேடியோவில் சொன்னதும் கூரை மேல் மணல் மூட்டை, பழைய டயர், அம்மிக்கல் எல்லாம் ஏறிவிடும்.

வேகமாக ஓடும் காரும் ஒரு கூரைதான். அதன் வளைந்த முதுகின் மேல் காற்று விரைந்தால் உடம்பு லேசாகும், டயர் தரையை விட்டுக்கொடுக்கும். தரையில் அழுந்தாத டயரால் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது. சரி, மணல் மூட்டை போட்டுவிடலாமே என்றால், அந்த மூட்டையையும் சேர்த்து இழுக்க வேண்டும், முனையில் அது வெளிப்பக்கம் தள்ளுவதையும் சேர்த்துத் தாங்க வேண்டும், பிரேக் போடும்போது அதையும் சேர்த்து நிறுத்த வேண்டும். ஆகவே தேவைப்பட்டது எடையில்லாத மணல் மூட்டை. முனையில் மட்டும் அழுத்தி, நேர்வழியில் மாயமாகிவிடும் மூட்டை என்றால் இன்னும் நல்லது.

இப்படி ஒன்றைச் செய்து களத்தில் ஓட்டிக் காட்டியவர் ஜிம் ஹால்.

*

1935இல் டெக்சாஸில் பிறந்தவர். எண்ணெய்க் கிணறுகளால் செழித்த குடும்பம். பதினெட்டு வயதில் ஒரு விமான விபத்தில் தாய், தந்தை, சகோதரி மூவரையும் ஒரே நாளில் இழந்தார். கலிஃபோர்னியாவின் கால்டெக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்தபடியே வார இறுதிகளில் பந்தயம் ஓட்டினார். பணமும் படிப்பும் ஓட்டும் திறமையும் ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம். பணக்காரப் பிள்ளைகள் ஐரோப்பாவிலிருந்து ஃபெராரி வாங்கி ஓட்டிய காலம் அது. ஹாலும் ஐரோப்பியக் கார்களை ஓட்டிப் பார்த்தவர்தான். ஆனால் வாங்கிய காரில் தொழிற்சாலைக்காரன் தனக்கு வைத்துக்கொண்டது போக மிச்சம்தான் நம் கைக்கு வரும் என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது.

1961இல் கலிஃபோர்னியாவின் டிரௌட்மன், பார்ன்ஸ் என்ற இரண்டு கைதேர்ந்த பட்டறைக்காரர்கள் அவருக்காகக் கட்டிய கார்தான் முதல் சாப்பரல். எஞ்சின் முன்பக்கம், பழைய பாணி. நல்ல காராக இருந்தும் அப்போது ஐரோப்பாவில் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டதால், பிறக்கும்போதே அதற்கு வயதாகிவிட்டது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சாப்பரல் என்பது டெக்சாஸ் புதர்க்காட்டில் தரையோடு தரையாக ஓடும் ஒரு பறவை. பறக்கத் தெரியும், ஆனால் ஓடத்தான் பிடிக்கும். பறவை நூல்களைப் புரட்டினால் அது குயில் குடும்பம். நம் வேலியோரச் செம்போத்தின் தூரத்துச் சொந்தம். அம்மன் பெயரே கோகிலாம்பிகை என்றிருக்கும் வில்லியனூரில் உட்கார்ந்து இதை எழுதும்போது, குயில் குலத்து வண்டி என்று அதைச் சொந்தம் கொண்டாடத் தோன்றுகிறது.

ஹாலின் கூட்டாளி ஹாப் ஷார்ப், எண்ணெய்க் கிணறு தோண்டும் தொழில் செய்தவர், அவரும் பந்தயக்காரர். இருவரும் மிட்லண்ட் என்ற எண்ணெய் ஊரில் பட்டறை போட்டார்கள். பாகூர் வயல்வெளியைப் போலத் தட்டையான நிலம். ஏரியும் பச்சையும் மட்டும் கிடையாது. பட்டறையை ஒட்டியே சொந்தமாக ஒரு ஓடுபாதை. அதற்கு ராட்டில்ஸ்நேக் ரேஸ்வே என்று பெயர், வாலை ஆட்டிச் சத்தம் எழுப்பும் அந்தப் பக்கத்து விஷப்பாம்பின் பெயர்.

என் கணக்கில் சாப்பரலின் பாதி ரகசியம் இந்த ஓடுபாதை. மற்றவர்களுக்குச் சோதனை என்றால் லாரியில் ஏற்றி, களத்தை வாடகைக்கு எடுத்து, ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் வேலை. இங்கே காலையில் ஒரு யோசனை வந்தால் மதியம் தகரம் வெட்டி ஒட்டி, சாயங்காலம் ஓட்டிப் பார்த்து, சரியில்லையென்றால் இரவுக்குள் கழற்றிப் போடலாம். கொல்லையிலேயே கிணறு இருப்பவனுக்கும் குடம் தூக்கிப் போகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் அது.

*

1963இல் வந்த சாப்பரல் 2தான் சரித்திரம். நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் கடற்கரையில் ஃபைபர் படகு கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் உடம்பை எளிதாக விளக்கிவிடலாம். அச்சு, அதன் மேல் கண்ணாடி இழைத் துணி, அதன் மேல் பிசின், மறுபடி துணி, மறுபடி பிசின். காய்ந்ததும் அச்சிலிருந்து கழற்றினால் படகு. கார்களுக்கு ஃபைபரில் மேல்தோல் செய்வது அப்போதே உண்டு. ஹால் செய்தது வேறு: எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும் எலும்புக்கூட்டையே ஃபைபரில் வார்த்தார். அதை வடிவமைத்த ஆண்டி கிரீன் விமானத் தொழிற்சாலையில் பிளாஸ்டிக் வேலை பார்த்தவர். இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து கட்டிய கார்களுக்கு நடுவே, எடை குறைந்த, முறுக்கினால் மசியாத கூடு. பின்னால் செவர்லே நிறுவனத்தின் அலுமினிய வி8 எஞ்சின், சுமார் 5.3 லிட்டர்.

கூடு நன்றாக இருந்தது. முகம்தான் ஏமாற்றியது. கூர்மையாக, காற்றைக் கிழிப்பதைப் போலத் தெரிந்த மூக்கு, வேகம் ஏற ஏறத் தூக்க ஆரம்பித்தது. ஸ்டியரிங் கையில் லேசாகிவிடும். கண்ணுக்கு அழகாகத் தெரியும் வடிவம் காற்றுக்கும் அழகாகப் படும் என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஹால் நம்பிக்கையை ஓரங்கட்டிவிட்டு அளக்க ஆரம்பித்தார். ஓடும்போது முன் சஸ்பென்ஷன் எவ்வளவு எழுகிறது, பின்பக்கம் எவ்வளவு அமர்கிறது என்று அளந்தால் காற்று எத்தனை கிலோ தூக்குகிறது என்று தெரிந்துவிடுமே. மூக்குக்கு அடியில் தாடை போல ஒரு தகட்டைத் தொங்கவிட்டதும் தூக்கல் அடங்கியது. அடியில் நுழைந்து தூக்கிய காற்றை வாசலிலேயே மறித்துவிட்டார். அந்த ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் முதல் பந்தயம். வரிசையில் முதலிடம், ஓட்டத்திலும் முன்னிலை, பிறகு வயரிங் கோளாறில் அவுட். சாப்பரலின் ஜாதகமே இந்த ஒரு பந்தயத்தில் எழுதப்பட்டுவிட்டது என்று சொல்லலாம்.

இந்த அளவு வேலையெல்லாம் தனியாள் பட்டறைக்கு அதிகம். உதவி வந்த வழி சுவாரசியமானது. 1957இல் அமெரிக்கக் கார் நிறுவனங்கள் கூடி, இனிப் பந்தயத்தில் இறங்குவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. மற்றவர்கள் மெல்ல மறந்துவிட்டாலும் செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் வெளியில் அந்த விரதத்தை விடவில்லை. ஆனால் செவர்லேயின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர் ஃபிராங்க் வின்செலுக்கும் அவருடைய பொறியாளர்களுக்கும் கை அரித்தது. டயர் சோதனை, சஸ்பென்ஷன் சோதனை என்ற பெயரில் மிட்லண்டுக்கு ஆளும் கருவியும் போயின. வாசல் அடைத்திருந்தால் கொல்லைப்புறம் திறக்கும் என்பது நமக்குத் தெரியாததா.

அந்தக் கொல்லைப்புறம் வழியாக வந்த பொருள்களில் முக்கியமானது கிளட்ச் பெடல் இல்லாத கியர்பாக்ஸ். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே ஆயில் நிரப்பிய உருண்டை. உள்ளே எதிரெதிராக இரண்டு விசிறிகள். ஒன்றை எஞ்சின் சுற்றினால் ஆயில் சுழன்று மற்றதையும் சுற்றும். சொகுசுக் கார்களில் பெரிய மனிதர்கள் ஓட்டிய சமாசாரம். பந்தயக்காரர்கள் சிரித்தார்கள். 1964இல் அதை வைத்துக்கொண்டே ஹால் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன் ஆனார். அப்போது யாரும் கவனிக்காத விஷயம் ஒன்று: கிளட்ச் போனதும் ஓட்டுநரின் இடது கால் வேலையில்லாமல் சும்மா கிடந்தது. அந்தக் காலுக்கு ஹால் பின்னால் ஒரு வேலை கொடுத்தார். அதற்கு வருகிறேன்.

1965 மார்ச், ஃபுளோரிடாவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயம். செப்ரிங்கும் சோழவரம் மாதிரி போர்க்கால விமானத் தளம்தான். போட்டி முழுக்க ஃபெராரிகளும் ஃபோர்டுகளும். அமெரிக்க ஆட்டோமேட்டிக் வண்டி 12 மணி நேரம் தாங்காது என்பது பொதுக் கருத்து. மாலையில் ஐப்பசி அடைமழை போலக் கொட்டியது. ஓடுதளம் ஏரியானது, கழன்ற டயர்கள் தண்ணீரில் மிதந்தன, திறந்த கார்களுக்குள் தண்ணீர் தொட்டி கட்டியது. அகல டயர் போட்ட சாப்பரல் நடைவேகத்துக்கு வந்துவிட, சின்னச் சின்னக் கார்களெல்லாம் அதைத் தாண்டிப் போயின. ஆனால் வெயிலில் சேர்த்து வைத்த முன்னிலை மழையில் கரைந்து தீருவதற்குள் மழை விட்டது. ஹாலும் ஷார்ப்பும் நாலு சுற்று வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

*

இனி பந்தல் பலகை.

முதலில் நியாயம் பேசிவிடலாம். இறக்கையைத் தலைகீழாக வைத்தால் தூக்குவதற்குப் பதில் அழுத்தும் என்று ஹாலுக்கு முன்பே ஒருவர் யோசித்திருக்கிறார். மைக்கேல் மே என்ற சுவிஸ் பொறியியல் இளைஞர், 1956இலேயே தன் போர்ஷே காரின் தலைக்கு மேல் ஒரு இறக்கையைக் கட்டிக்கொண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் போனார். பின்னால் வருபவர்களுக்குப் பாதை மறைக்கும் என்று சொல்லி அதைக் கழற்ற வைத்துவிட்டார்கள். அதோடு பத்து வருஷம் அந்த யோசனை தூங்கிவிட்டது.

1965 கடைசியில் வந்த 2சி காரில் ஹால் அந்தச் சும்மா கிடந்த இடது காலை எழுப்பினார். காரின் பின்பக்கத்தில் சாய்ந்து நிற்கும் ஒரு தகடு. கிளட்ச் இருந்த இடத்தில் ஒரு பெடல். நேர்வழியில் மிதித்தால் தகடு படுத்துவிடும், காற்று தடையில்லாமல் போகும். முனை வரும்போது காலை எடுத்தால் எழுந்து நின்று அழுத்தும். கேட்ட வரம் கிடைத்துவிட்டது: முனையில் மட்டும் இருக்கும் மணல் மூட்டை.

அடுத்த ஆண்டின் 2இ இதைக் கொண்டுபோய்ச் சிகரத்தில் வைத்தது. 1966 செப்டம்பரில் அது களத்துக்கு வந்தபோது பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. பின் சக்கரங்களுக்கு மேலே, சில அடி உயரத்துக்கு இரண்டு கால் நட்டு, அதன் மேல் முழு அகலத்துக்கு ஒரு இறக்கை. மூக்கில் இருந்த ரேடியேட்டர் ஓட்டுநரின் இரு பக்கமும் போய்விட்டது. மூக்கில் இப்போது காற்று போக ஒரு வாய். இறக்கை படுத்தால் அந்த வாயும் மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் பின்பக்கம் லேசாகும்போது முன்பக்கம் மட்டும் அழுந்திக் கார் தடுமாறும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த இரண்டு கால்களை நட்ட இடம். யாராக இருந்தாலும் இறக்கையைக் காரின் உடம்பில்தான் பொருத்தியிருப்பார்கள். வில் வண்டி ஓட்டிய தாத்தாக்களைக் கேளுங்கள். வண்டிப் பெட்டியில் மூட்டையை ஏற்றினால் முதலில் வில் அமுங்கும், பெட்டி தரையைத் தொடப் பார்க்கும், குலுங்கும். அதே கனத்தை நேராக அச்சின் மேல் வைக்க முடிந்தால் வில்லுக்கு ஒன்றும் தெரியாது, சக்கரம் மட்டும் அழுந்தும். ஹால் இறக்கையின் கால்களை உடம்பைத் துளைத்துக் கீழே கொண்டுபோய், சக்கரத்தைத் தாங்கும் பாகத்திலேயே பொருத்தினார். காற்றின் அழுத்தம் முழுக்க டயருக்குப் போனது, வில்லுக்கு ஒரு துளி போகவில்லை. அதனால் சஸ்பென்ஷனை மென்மையாகவே விட்டுவைக்கலாம். இன்னொரு நுட்பம்: பெடலை மிதித்தால்தான் இறக்கை படுக்கும். கம்பி அறுந்தாலோ ஓட்டுநர் பதறிக் காலை எடுத்தாலோ ஸ்பிரிங் இழுத்து அது அழுத்தும் நிலைக்கே வந்துவிடும். தவறினாலும் தரையோடு சேர்ந்து தவறட்டும் என்ற ஏற்பாடு.

அந்த வருஷம் தொடங்கிய கேன்-ஆம் தொடர் ஹாலுக்காகவே எழுதியதைப் போன்றது. கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்திய அதில், எஞ்சின் அளவுக்கு உச்ச வரம்பு கிடையாது. அக்டோபரில் லகுனா சேகா களத்தில் ஹாலின் அணி ஓட்டுநர் ஃபில் ஹில் முதலாவது, ஜிம் ஹால் இரண்டாவது. 2இ ஜெயித்த பெரிய பந்தயம் அது ஒன்றுதான். அதே ஆண்டு கூரை போட்ட சாப்பரல் 2டி, ஃபில் ஹில், ஜோ போனியர் கையில், நூர்பர்க்ரிங்கின் 1000 கிலோமீட்டர் பந்தயத்தை ஜெயித்தது; பத்து வருஷத்துக்கு முன்பு மேயின் இறக்கையைக் கழற்றச் சொன்ன அதே நூர்பர்க்ரிங். அடுத்த ஆண்டு ஏழு லிட்டர் எஞ்சினும் உயர்ந்த இறக்கையுமாக 2எஃப் ஐரோப்பா போனது. எங்கே போனாலும் வேகத்தில் முன்வரிசை, ஆனால் அடிக்கடி கியர்பாக்ஸ் கைவிட்டது. கடைசிப் பந்தயமான இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் மட்டும் ஃபில் ஹில்லும் மைக் ஸ்பென்ஸும் ஜெயித்தார்கள். கணக்குப்பிள்ளை பார்வையில் நஷ்ட வியாபாரம்தான்.

ஆனால் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். 1968இல் ஃபார்முலா ஒன் கார்களில் இறக்கை முளைத்தது. ஒரே ஆண்டில் ஒன்று இரண்டாயிற்று, உயரம் கூடிக்கொண்டே போயிற்று. ஹால் வருஷக்கணக்கில் ஓட்டி அளந்து கண்ட பாடத்தை அவர்கள் ஒரு பருவத்தில் நகல் எடுத்தார்கள். கால்களை மூங்கில் பந்தற்கால் போல மெலிதாக வைத்தார்கள். 1969 மே மாதம், ஸ்பெயின் பந்தயத்தில் இரண்டு லோட்டஸ் கார்களின் இறக்கைகள் ஒரே இடத்தில் ஒடிந்தன. கிரஹாம் ஹில் பெரிய காயமின்றித் தப்பினார், அதே இடத்தில் ஜோகன் ரிண்ட் மோதி அடிபட்டார். அடுத்த பந்தயமான மொனாக்கோவிலேயே உயர்ந்த இறக்கைகளுக்குத் தடை வந்தது. அசையும் இறக்கையும் சக்கரத்தில் நேராகப் பொருத்தும் முறையும் அதோடு போயின. நகல் ஒடிந்ததற்கு அசலுக்கும் தண்டனை.

ஹாலுக்கு அதற்குள் வேறொரு அடி. 1968 நவம்பரில் லாஸ் வேகாஸில் அவருடைய 2ஜி முன்னால் போன காரில் ஏறி, எகிறி, கவிழ்ந்தது. இரண்டு காலும் நொறுங்கின. ஓட்டுநர் ஹால் ஏறக்குறைய அன்றோடு முடிந்தார். அடுத்து வந்த 2ஹெச் காரைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். இறக்கைக்கு எதிர்த்திசையில் போய், காற்றுக்குத் தெரியாமல் நழுவும் ஒடுக்கமான காரைச் செய்து பார்த்தார்கள், அதை ஓட்டிய ஜான் சர்ட்டீஸுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை, ஓடவுமில்லை.

*

பாகூர் விவசாயிகளுக்கு அடுத்த காரை விளக்கவே வேண்டாம். கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வோ குழாய் இணைப்போ கசிந்தால் என்ன ஆகும்? மோட்டார் ஓடும், சத்தம் வரும், தண்ணீர் வராது. "ஏர் இழுக்குது" என்பார்கள். உறிஞ்ச வேண்டுமானால் ஓட்டை இருக்கக் கூடாது.

1970இல் வந்த 2ஜேயின் பின்புறம் டப்பா போல வெட்டிவிட்டது மாதிரி இருக்கும். அதில் இரண்டு பெரிய விசிறிகள். ராணுவப் பீரங்கி வண்டியின் எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறிகள் அவை. அவற்றைச் சுற்ற, பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் வண்டியின் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் தனியாக ஒன்று. காரின் அடியில் இருக்கும் காற்றை உறிஞ்சிப் பின்னால் தள்ளுவதுதான் அதன் ஒரே வேலை. அடியில் அழுத்தம் குறைந்தால் மேலிருக்கும் காற்று காரைத் தரையோடு அமுக்கும். தானே புயலின் கூரைக் கதை அப்படியே தலைகீழாக. இறக்கை அழுத்த வேண்டுமென்றால் கார் வேகமாகப் போக வேண்டும். மெதுவான முனையில் அது பயன்படாது. விசிறிக்கோ கார் நின்றாலும் ஓடினாலும் ஒன்றுதான்.

சிக்கல் முழுக்க ஏர் இழுப்பதில் இருந்தது. காரின் கீழ் விளிம்பைச் சுற்றிக் கெட்டிப் பிளாஸ்டிக் தகடுகளைப் பாவாடை போலத் தொங்கவிட்டார்கள். தரையில் உரசினால் தேயும், விலகினால் உறிஞ்சல் போகும். கார் குனியும், நிமிரும், சாயும். அத்தனையிலும் தகட்டுக்கும் தரைக்கும் இடைவெளி மாறாதிருக்க, சஸ்பென்ஷனின் அசைவோடு தகடுகளைக் கம்பிகளாலும் புல்லிகளாலும் இணைத்தார்கள்.

நியூயார்க் மாநிலத்து வாட்கின்ஸ் கிளென்னில் ஜாக்கி ஸ்டூவர்ட் ஓட்டினார். பந்தயத்தின் மிக வேகமான சுற்று அவருடையது, முடிக்க முடியவில்லை. பிறகு விக் எல்ஃபோர்ட். ரிவர்சைடில் தகுதிச் சுற்றில் அடுத்த காரைவிட இரண்டு விநாடிக்கும் மேல் முன்னால். பந்தய உலகில் இரண்டு விநாடி என்பது அடுத்த தெரு. ஆனால் பந்தயத்தில் அந்தச் சின்ன எஞ்சினும் மற்றவையும் மாறி மாறிப் படுத்தன. ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. இருந்தும் போட்டிக்காரர்கள் பயந்தார்கள். விசிறி கல்லையும் புழுதியையும் பின்னால் வருபவர் முகத்தில் அடிக்கிறது என்று ஒரு புகார். அசையும் காற்றுச் சாதனங்களுக்கான தடையில் விசிறியும் அடங்கும் என்று இன்னொரு வாதம். இரண்டாவது ஜெயித்தது. வருஷக் கடைசியில் 2ஜேக்குத் தடை. விதியை எழுத்தெண்ணிப் படித்தால் அவர்கள் சொன்னது தப்பில்லை. ஆனால் ஒரு பந்தயம்கூட ஜெயிக்காத காருக்கு எதிராக இத்தனை பேர் ஒன்றுகூடியது, அந்தக் காருக்குக் கிடைத்த கோப்பையாகவே எனக்குப் படுகிறது. எட்டு வருஷம் கழித்து, 1978இல் ஸ்வீடனில், பிராபம் அணி ரேடியேட்டரைக் குளிர்விக்கத்தான் என்று சொல்லிக்கொண்டு ஃபார்முலா ஒன்னில் விசிறியைக் கொண்டுவந்தது. நிக்கி லாடா ஓட்டி ஜெயித்தார். அடுத்த பந்தயத்துக்கு அந்தக் கார் வரவில்லை.

ஹால் ஒதுங்கிவிடவில்லை. இறக்கையைப் பறித்தீர்கள், விசிறியைப் பறித்தீர்கள், மோட்டாரே இல்லாமல் உறிஞ்சினால்? ஜான் பார்னார்ட் வடிவமைத்த மஞ்சள் நிறச் சாப்பரல் 2கேயின் அடிப்பாகமே சுரங்கம் போல வளைந்திருக்கும். காற்று அந்த ஒடுக்கத்தில் நுழைந்து விரையும்போது அழுத்தம் தானாகக் குறையும். அசையும் பாகம் எதுவுமில்லை, தடை செய்ய விதியும் இல்லை. 1980இல் ஜானி ரூதர்ஃபோர்டு அதை ஓட்டி இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை ஜெயித்தார். பழைய சாப்பரல்கள் இப்போது மிட்லண்டின் பெட்ரோலிய அருங்காட்சியகத்தில், எண்ணெய் எடுக்கும் கருவிகளோடு ஒரே வளாகத்தில் நிற்கின்றன.

அதே இண்டியானாபொலிஸ் களத்தில், 2005 ஜூனில், டயர்த் தகராறால் பதினான்கு கார்கள் விலகிக்கொள்ள, மீதி ஆறு கார்களில் ஒன்றை ஓட்டி நாலாவதாக வந்து ஐந்து புள்ளி வாங்கினார் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் புள்ளி வாங்கியது அதுவே முதல் முறை. அவர் பந்தயம் பழகியது ஃபார்முலா மாருதி காரில். அதைச் செய்தவர் ஜிம் ஹாலைப் போலவே வசதியான வீட்டுப் பிள்ளை. கோயம்புத்தூர் ஆலைக் குடும்பத்து கரிவரதன். ஹாலுக்கு ஏழு லிட்டர் எஞ்சினும் ஜெனரல் மோட்டார்ஸின் கொல்லைப்புறமும் கிடைத்தன. கரிவரதனுக்கு 1980களின் இந்தியக் கடைத்தெருவில் கிடைத்தது மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர் எஞ்சின், 796 சி.சி., நாலு கியர். அதைக் கழற்றி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். அந்தப் பட்டறையிலிருந்து அடுத்த பகுதியைத் தொடங்குகிறேன்.